வெயிட்டுக்கும் எக்ஸ்பெக்ட்டுக்கும் நடுவில் ஒரு புகை

மூதூரிலிருந்து பாய் விற்க வரும் ஒரு அம்மா எங்கள் படலையடியில் நின்று, பாடமாக்கி வந்த செய்தியை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். "வியாழக்கிழமை லோஞ்சில வருவாவாம். வெள்ளிக்கிழமை விடிய இன்டவியூவாம். வெயிட்டுக்கும் எக்ஸ்பெக்ட்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு நல்ல உதாரணம் ஒண்டு பிடிச்சு வைக்கட்டாம்." பிறகு மூச்சை விட்டு, "ரெண்டும் என்ன சாமான் மகள்? கடையில எடுக்கலாமா?" என்று கேட்டார்.

செய்தியை அனுப்பியவள் என் சினேகிதி. ஏ.எல். உயர்தரப் பரீட்சை வரைக்கும் திருகோணமலையில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவள். படிப்பு முடிந்து அவள் மூதூருக்குப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். பல்கலைக்கழகம் திறக்கும் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. மூதூரில் அவளுடைய வாப்பா சண்டையால் வயலுக்குப் போக முடியாமல் இரண்டு போகமாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவளுக்குப் பின்னால் மூன்று தம்பி தங்கைகள். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகம் திறந்து, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு ஆளைத் தேடியது. முதற்கட்டச் சோதனையில் அவள் தேறிவிட்டாள். மிச்சம் நேர்முகம்தான். அன்றைக்கு வராதவர்களுக்கு வேறொரு நாள் தரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வேலை கிடைத்தால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பு அந்த நேர்முகத்துக்குப் போய் வந்த ஒருவர் சொன்ன கதை எங்கள் இரண்டு பேரையும் பிடித்து ஆட்டியது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வினைச்சொற்களைத் தந்து வித்தியாசம் கேட்பார்களாம். அகராதியில் உள்ளதைச் சொன்னால், "அதை நாங்களும் வாசிப்போம், உங்கட சீவியத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கோ" என்பார்களாம். அவருக்கு விழுந்த சோடி வெயிட்டும் எக்ஸ்பெக்ட்டும். மனிதர் வியர்த்து வழிந்து வெளியே வந்திருக்கிறார்.

எனக்கு அது ஒரு விருந்து. அலுமாரியில் இருந்த இரண்டு அகராதிகளையும் இறக்கினேன். ஒன்று காத்திருத்தல், மற்றது எதிர்பார்த்தல். சரி, விளங்குகிறது. ஆனால் வாயைத் திறந்து கதைக்கும்போது நாங்கள் அப்படியா சொல்கிறோம்? பஸ்ஸுக்கு நின்றாலும், தபாற்காரரைத் தேடினாலும், வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை வருவார் என்று இருந்தாலும், "பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று முடித்துவிடுகிறோம். வருவது நிச்சயமா, வந்தால் நல்லது என்ற அளவுதானா, அதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. நான் எதிர்ப்பட்ட எல்லாரையும் பிடித்துக் கேட்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மாமி என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

வியாழன் விடிந்தபோது வாடைக்காற்று தென்னோலையைப் பிய்த்தது. குடாவைக் கடக்கும் மோட்டார் படகான லோஞ்ச் அந்த மாதத்தில் ஓடுவதும் ஓடாததும் கடலின் கையில் பாதி, அனுமதி கொடுக்கும் கடற்படையின் கையில் பாதி. மூதூருக்குத் தொலைபேசி செத்துப் பல காலம்.

அப்பா பகலில் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், சாப்பிட்டுவிடுவார், மத்தியானச் சோறு எனக்கும் அம்மாவுக்கும்தான். குசினியில் அம்மா சுளகோடு இருந்தார். நான் கதவில் சாய்ந்து கேட்டேன்.

"அம்மா, நீங்கள் அவளைக் காத்திருக்கிறீங்களா, எதிர்பாக்கிறீங்களா?"

"உன்ர விசர்க் கதையை விடு. அரிசி ரெண்டு பேருக்கோ, மூண்டு பேருக்கோ?"

நான் துள்ளினேன். "அதுதான் அம்மா! மூண்டு பேருக்குப் போட்டால் எக்ஸ்பெக்ட். ரெண்டு பேருக்குப் போட்டிட்டு வாசலைப் பாத்தால் வெயிட்!"

"வாசலைப் பாக்க எனக்கு நேரமில்லை. அரிசி விக்கிற விலையில சும்மா போட ஏலாது. ஜெட்டிக்குப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

ஜெட்டி என்ற படகுத்துறைக்குப் போய்ப் பார்ப்பது என்றால் கடலைப் பார்ப்பதில்லை. புகையைப் பார்ப்பது. ஜெட்டி வாசலில் கிண்ணியாக்காரர் ஒருவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். லோஞ்ச் வராத நாளில் விறகை எரித்தால் அவருக்கு நட்டம், ஆகையால் லோஞ்ச் வரும் என்று தெரிந்தால் மட்டும்தான் பெரிய கேத்திலுக்கு அடுப்பு மூட்டுவார். பின்தெருக்களில் இருந்த நாங்கள் எல்லாரும் அந்தப் புகையைப் பார்த்துத்தான் உலை வைத்தோம். "காக்கா மூட்டிட்டாரா?" என்பது எங்கள் தெருவில் நேரம் கேட்பது போல.

நான் சைக்கிளை எடுத்தேன். அவளுடைய பெட்டியைக் கட்ட கரியரில் ஒரு கயிற்றைச் சுற்றினேன். நல்ல சட்டை ஒன்றும் போட்டேன், காரணம் எனக்கே தெரியாது. ஜெட்டியில் காற்றைத் தவிர யாரும் இல்லை. கடை திறந்திருந்தது, அடுப்பு குளிர்ந்து கிடந்தது. காக்கா வாங்குப் பலகையில் இருந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மகள், வெள்ளனவே?"

"சினேகிதி வாறா, காக்கா."

"ஆ!" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் ஜெட்டிப் பாலத்தின் நுனிவரை போய், நுரையைத் தவிர ஒன்றும் தெரியாத கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போது, கடைக்கூரைக்கு மேலே புகை! காற்றில் சாய்ந்து, கொழுத்த புகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே வீட்டுக்கு மிதித்தேன்.

"அம்மா, காக்கா மூட்டிட்டார்! மூண்டு பேருக்குப் போடுங்கோ!"

அம்மா போட்டார். நான் மறுபடி ஜெட்டிக்கு ஓடி வந்தபோது அந்த இடமே மாறிவிட்டிருந்தது. வடைத் தட்டோடு ஒருவர், இரண்டு ஓட்டோக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கையில் குழந்தையோடு ஒரு பெண், மருமகனுக்காக வந்த ஒரு கிழவர். புகையைக் கண்டு சிலர் வந்தார்கள், சனத்தைக் கண்டு மற்றவர்கள் வந்தார்கள். காக்காவின் கடையில் பிளேன்டீக்கு மேல் பிளேன்டீ. சென்றிக் காவலரணில் நின்ற கடற்படைப் பையன்கூட வெளியே வந்து, தனக்குத் தெரிந்த அரைத் தமிழில், "லோஞ்ச் எத்தனை மணி?" என்று எங்களிடம் கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எங்கேயோ இடித்தது. லோஞ்ச் வருவதென்றால் அவனுக்குத்தானே முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

சனத்தை விலக்கிக்கொண்டு கடைக்குள் போனேன். "காக்கா, லோஞ்ச் வெளிக்கிட்டதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

காக்கா தேத்தண்ணி ஆற்றிய கையை நிறுத்தினார். "என்ன மகள் கேள்வி? நீங்கதானே!"

"நானா? நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

"வாயால சொல்லேல்ல. நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு, சைக்கிளில கயிறும் சுத்திக்கொண்டு வந்தீங்க. உங்கட வாப்பா கந்தோர்ல பெரிய உத்தியோகம். கந்தோர் வீட்டுக்குச் செய்தி வராமலா புள்ள கயிறு சுத்திக்கொண்டு வரும் எண்டு நினைச்சன்."

"ஐயோ காக்கா, நான் உங்கட புகையைப் பாத்துத்தான் வீட்டில அரிசி போடச் சொன்னனான்!"

 மருமகனுக்காக வந்த கிழவர், "அப்ப நான் இந்தச் சனத்தைப் பாத்து வந்தனே, இந்தச் சனம் ஆரைப் பாத்து வந்தது?" என்றார். வடைக்காரர் என் கயிற்றைக் காட்டினார். ஓட்டோக்காரர், "தங்கச்சி, நாளைக்கு அந்தக் கயிறை வீட்டில வைச்சிட்டு வாங்கோ, எங்களுக்குப் பெற்றோலாவது மிஞ்சும்" என்றார். காக்கா மட்டும் கோபப்படவில்லை. கேத்தில் காலியாகியிருந்தது.

எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை அருமையான உதாரணம்! அவ்வளவு பேரும் எக்ஸ்பெக்ட் பண்ணினோம், ஆளுக்கு ஆள் சாட்சி, ஆனால் அடியில் ஒரு கயிற்றைத் தவிர ஒன்றுமே இல்லை. அதை இப்போதே அவளிடம் சொல்ல வேண்டும் என்று துடித்த பிறகுதான் உறைத்தது. அவள் வரவில்லை. நாளை விடிய நேர்முகம். உதாரணம் என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லவேண்டிய வாய் குடாவுக்கு அந்தப் பக்கம்.

தரைவழி இருந்தது. ஆனால் அது வழி என்று சொல்லத்தக்கதல்ல. ஆறுகளும் களப்பும் குறுக்கே வர, ஒவ்வொன்றிலும் இறங்கிப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் சனத்தையும் சேர்த்து இழுத்துக் கடக்கும் தட்டை மிதவையை. நடுவில் சோதனைச் சாவடிகள். பொழுது சாய்ந்தால் கடைசியாக வரும் கிண்ணியாப் பாதையையும் நிறுத்திவிடுவார்கள்.

பின்னேரம் நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸின் வாசலிலும் போய் நின்றேன். வருவாள் என்று நினைக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு ஒரு சொல்லுக்குள் நின்றது அன்றைக்குத்தான்.

கடைசி பஸ்ஸில் அவள் இறங்கினாள். முக்காட்டில் மழை, முழங்கால்வரை சேறு, ஒரு கையில் செருப்பு, மறு கையில் பொலித்தீனால் சுற்றிய பெட்டி. என் சைக்கிளைப் பார்த்தாள்.

"என்ன புள்ள, மாடு கட்டப் போறியா? கயிறோட நிக்கிறாய்?"

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "லோஞ்ச் வராதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"விடிய ஜெட்டிக்குப் போனன். ஊரே பெட்டியோட நிண்டு கடலைப் பாக்குது. நான் லோஞ்ச்காரரைப் பாத்தன். சாறனை இழுத்துப் போத்திக்கொண்டு நல்ல நித்திரை. சரி, இவரு இண்டைக்கு எழும்பமாட்டாரு எண்டு உழவு மெசினில ஏறிட்டன்."

வீட்டில் மூன்றாவது ஆளுக்கான சோறு ஆறிப்போய் இருந்தது. அம்மா மீன்குழம்பைச் சூடாக்கினார். அவள் சாப்பிடச் சாப்பிட நான் புகைக் கதையைச் சொன்னேன். அவளுக்குப் புரையேறியது. பிறகு வெயிட், எக்ஸ்பெக்ட் இரண்டையும் வைத்து ஆங்கிலத்தில் அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். கயிறு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்துக் கெடுத்தோம்.

காலையில் அந்த அலுவலகத்தின் மதிலோரம் நான் நின்றேன். அவள் வெளியே வந்தபோது முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கேட்டவையா?"

"கேட்டாங்க. ஆனா அந்தச் சோடி இல்ல. லுக்குக்கும் வாட்சுக்கும் என்ன வித்தியாசம் எண்டாங்க."

 "அதுக்கு நாங்கள் ஒண்டும் ஆயத்தம் பண்ணேல்லையே!"

"வேற என்ன செய்ய? உன்ர கதையையே எடுத்துவிட்டன். எல்லாச் சனமும் கடலை லுக் பண்ணிச்சு, காக்கா உன்னை வாட்ச் பண்ணினாரு எண்டன். லுக் எண்டா கண்ணைத் திருப்பினாப் போதும், வாட்ச் எண்டா அடுத்து என்ன நடக்கும் எண்டு கண்ணை எடுக்காம இரிக்கிறது எண்டன். கேள்வி கேட்ட வெள்ளைக்கார அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போயிட்டு. நேற்று எப்பிடி வந்து சேந்தாய் எண்டு கேட்டா. லோஞ்ச்காரர்ர நித்திரையைச் சொன்னன்."

"பிறகு?"

"திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்கட்டாம்."

நான் கத்திய கத்தில் வாசற்காவலர் எட்டிப் பார்த்தார். சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு, வழிநெடுக லுக்கையும் வாட்சையும் பற்றி அவளைக் குடைந்தபடி வீட்டுக்கு வந்தேன். நேற்று அவள் லோஞ்ச்காரரைப் பார்த்தது எது? சென்றிப் பையன் எங்களைப் பார்த்தது எது? "விடு புள்ள, எனக்கு வேலை கிடைச்சிட்டு" என்றாள்.

குசினிக்குள் நுழைந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்கான அரிசி. பக்கத்தில், இதுவரை பெட்டிகள் அடுக்கியிருந்த சிறிய அறை கூட்டித் துப்புரவாக இருந்தது.

"நாங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே அம்மா, எதைப் பாத்துப் போட்டனீங்கள்?"

அம்மா அகப்பையால் உலையைக் கிளறினார்.

"உங்கட புகையைப் பாத்து இல்லை. நேற்று அவள் வந்து நிண்ட சேத்துக்காலைப் பாத்து" என்றார்.