பின்னிருக்கைச் சுமை

தொழிற்சாலையின் சோதனைத் தாளில் அந்த அம்மாளின் பெயர் கிடையாது. "பின்னிருக்கைச் சுமை: அறுபது கிலோ. அசையாதது" என்று மட்டும் இருக்கும். அறுபது கிலோ பழைய கதை. அசையாதது என்பது கட்டுக்கதை. ஹெல்மெட்டுக்குள்ளும் வாய் ஓயாது.

உதிரிபாகக் கிடங்கில் போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். புது மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்ப்பது அவருடைய கணவரின் வேலை. பின்னால் கட்டிய மணல் மூட்டை ஒருநாள் வளைவில் அவிழ்ந்து விழுந்ததும், தானாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய சுமை வேண்டும் என்று மனைவியை அழைத்துவந்துவிட்டார். அன்றிலிருந்து கிடங்கில் அவருக்கு 'மூட்டை' என்றே பெயர்.

"என்ன மூட்டை, இன்னைக்கு சவாரி இல்லையா?"

"இருக்கு. காத்தடிச்சா பறக்கிற உங்களையெல்லாம் ஏத்த முடியுமா?"

அந்த ஆண்டு புது வண்டிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க, இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டு வந்தன. ஒன்றில் சிலிண்டர்கள் அண்ணன் தம்பிபோல ஒட்டி நின்றன. பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கின. பார்க்க ஒற்றுமை; உதறலுக்கும் அந்த ஒற்றுமைதான் காரணம். மற்றதில் அவை விரித்த இரு விரல்கள்போல விலகி நின்றன. ஒன்றின் ஆட்டத்தை மற்றது அடக்கிவிட்டது. எதிரும் புதிருமான இருவர் சேர்ந்து நிம்மதியாகக் குடித்தனம் நடத்துவதுபோல. இழுவையில்தான் கொஞ்சம் மட்டு.

அவற்றைப் பொருத்திய இரண்டு வண்டிகளிலும் கணவனும் மனைவியும் போய்வந்தார்கள். ஒட்டி நின்ற இன்ஜினிலிருந்து இறங்கிய அம்மாளுக்கு உள்ளங்கால் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, என் பல்லெல்லாம் இருக்கான்னு பாருங்க."

கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தலைமைப் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டுமே வெண்ணெய் சார். இதுல பவர் ஜாஸ்தி. இதையே எடுத்துக்கலாம்."

அவர் சொன்னால் அங்கே மறுபேச்சில்லை. பொறியாளர் தலையாட்டிவிட்டு மேசைப் பக்கம் போனார்.

கேலி செய்கிறார் என்றுதான் அம்மாள் முதலில் நினைத்தார். பிறகு கணவரின் விரல்கள் ஹெல்மெட் வாரின் கொக்கியைத் தேடுவதைப் பார்த்தார். கொக்கி விரலுக்கடியிலேயே இருந்தது. விரலுக்குத்தான் அது தெரியவில்லை. வழக்கம்போல அவர் கழுத்தை மனைவி பக்கம் நீட்டினார்.

சில மாதங்களாக, சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும் என்று அவர் அடம்பிடித்துவந்தார். இத்தனை வருஷம் கழித்து இப்படியொரு ஆசையா என்று அம்மாள் கிடங்கு முழுக்கப் பெருமையடித்திருந்தார்.

"விரல் எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"எப்படி? நீ சும்மா இரு."

"ஏங்க!"

"மெதுவா பேசு. தெரிஞ்சா வண்டியிலேருந்து இறக்கிடுவாங்க. அப்புறம் நான் என்ன, கிடங்குல உட்கார்ந்து போல்ட்டு எண்ணவா?"

"நான் எண்ணலையா?"

இத்தனை வருஷம் ஓட்டிய வண்டிகளின் அதிர்வுதான் கணவரின் விரல்களை மரத்துப்போகச் செய்தது. இனி உலகத்தில் எந்த வண்டியும் அவருக்கு அதிராது. மென்மையை அளக்க இதைவிட மோசமான கை கிடைக்காது. அந்தக் கையை நம்பி, பிறர் கைகளுக்கான வண்டி முடிவாகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் கணவருக்கு இருக்கை போகும். மேசையில் பொறியாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் பொறியாளரிடம் போய், அந்த இன்ஜின் உதறுகிறது, தன் கணவரின் விரல்களுக்கு அது தெரியவில்லை என்று சொன்னார். திரும்பிவந்து கணவரின் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டார்.