மணிக்கயிறும் லாரியில் போனது

ஒட்டன்சத்திரம் மண்டியில் வெங்காய மூட்டை தூக்கியது போதும் என்று கிளம்பி, திண்டுக்கல்லையும் தாண்டித் தாடிக்கொம்பு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது. சனிக்கிழமை மதியம். வழியில் ஓர் ஊரின் சர்ச் வாசலில் லாரி நின்றது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் பீரோவை எப்படி ஏற்றுவது என்று சண்டை போட்டார்கள். போதகருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாம்.

"அப்பு, லோடு ஏத்தத் தெரியுமா?" என்று சபை மூப்பர் கேட்டார். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஏறிவிட்டேன்.

பீரோ ஏறியதும் வீட்டுக்கு வீடு காணிக்கை வந்தது. கோழி, பூசணி, தேங்காய்க் குலை, ஓர் ஆட்டுக்குட்டி. போதகரின் மனைவி வேண்டாமென்றால் அழுகை கூடியது. ஆகவே எல்லாவற்றையும் அடுக்கினேன். ஊரிலுள்ள கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு எல்லாம் கட்டியும் பத்தவில்லை. மூப்பரே ஓடிப்போய்க் கனத்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினேன். ஜெபம் முடிந்ததும், சாமான் இறக்கிக் கொடுக்க மணியடிக்கிறவரும் ஏறிக்கொள்ள, லாரி போய்விட்டது.

சாயங்காலம் மூப்பர் வீட்டில் எனக்குச் சோறு. புதுப் போதகர் எப்போது வருவார் என்று தெரியாது, அதுவரை தாம்தான் பிரசங்கம் செய்ய வேண்டும் என்றார். முதல் ஞாயிறே ஜனம் வராவிட்டால் பக்கத்து ஊர்ச் சர்ச்சில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு இந்தச் சபை இல்லை. அதுதான் அவர் கவலை.

"மணியடிச்சா வருவாக," என்றார் அவர் மனைவி, எனக்குக் கருவாட்டு வெஞ்சனம் வைத்தபடி. "இவுக பிரசங்கத்துக்கு இல்ல, பழக்கத்துக்கு."

மூப்பரின் கை சோற்றிலேயே நின்றது. "அப்பு, கடைசியாக் குடுத்தேனே, அந்தக் கயிறு..."

"மணிக்கயிறா?" என்றார் அந்த அம்மா. "நல்லவேளை, மணிய விட்டு வச்சீக."

மறுநாள் காலை மணிக்கூண்டில் ஏறினேன். ஏணியில் நடுப்படிகள் இல்லை. மணியின் நாக்கைக் கையால் பிடித்தே அடித்தேன். காது அடைத்துப்போனது. மேலிருந்து பார்த்தால் தெருவில் முதலில் ஒரு குடை, பின்னால் இரண்டு சைக்கிள், அப்புறம் வெள்ளைச் சேலைகள். பக்கத்து ஊருக்குப் பிரியும் ரோட்டில் செத்த நேரம் நின்று பேசிவிட்டு, எல்லாரும் இந்தப் பக்கமே திரும்பினார்கள்.

கீழே மூப்பர் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிறுத்தாதே என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். கயிறு திரும்பி வரும்வரை அந்த வேலை எனக்குத்தான்.