கள்ளிப்பழச் சாறும் எங்கள் வீட்டுக்காரரும்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவதோடு நின்ற படிப்பு, இப்போது மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகள் திண்டுக்கல் காலேஜ் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறாள். சாணார்பட்டிப் பக்கம் வேலியோரம் பழுக்கிற சப்பாத்திக்கள்ளிப் பழத்தை இடுக்கியால் பறித்து, முள்ளைப் பொசுக்கிச் சாறு எடுப்பாள். அதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று போனில் சொன்னாள். எந்த ஆன்ட்டிக்கு ஆக்சிடென்ட் என்று நான் பதறிவிட்டேன். சிரித்து முடித்து, உடம்பு சீக்கிரம் மூப்படையாமல் காக்கிற சத்து அது என்றாள்.

அதை என்னைவிடக் கவனமாகக் கேட்டவர் எங்கள் வீட்டுக்காரர். எழுபது தாண்டியும் மீசைக்கு மை போடுகிறவர் வேறு எப்படி இருப்பார்?

ஒரு சனிக்கிழமை வந்தவள் எங்கள் பிரிட்ஜில் இரண்டு பாட்டில் வைத்தாள். ஒன்று தண்ணீரில் எடுத்த சாறு, இன்னொன்று ஸ்பிரிட்டில் எடுத்தது. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இவர் பாத்ரூமிலிருந்து வெளிறிப்போய் வந்தார்.

"ஏ புள்ள, ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது. சேசு சாமி கூப்புட்டுட்டாரு போல."

பிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பாட்டில் பாதிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மனுசன் தரையைப் பார்க்கிறார். மகளிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். சாவைவிட அவள்மேல் அம்புட்டுப் பயம். நான் போன் போட்டுவிட்டேன்.

அவள் திட்டவில்லை. எந்த பாட்டில் என்றுதான் முதலில் கேட்டாள். ஸ்பிரிட் பாட்டில் மூடியே திறக்கவில்லை என்று பார்த்துச் சொன்னேன். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அது பழத்துச் சாயமாத்தாம்மா இருக்கும். ஆனாலும் டாக்டர்கிட்டக் காட்டிரு. குடிச்சா நல்லதா கெட்டதான்னு நாங்க இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கல."

இதை இவரிடம் சொன்னேன்.

"அப்ப எலிக்கு முன்னாடி நானா?"

ஆஸ்பத்திரியில் சோதித்து, ரத்தம் இல்லை என்றார்கள். எதற்குக் குடித்தீர்கள் என்று நர்ஸம்மா கேட்டது. தாகம் என்றார். வெளி ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான், என்னையறியாமல் "இளமைக்கு" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பஸ் இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. இறங்கினதும் மெதுவாக, ஆராய்ச்சியில் தன் பேரையும் மகள் எழுதுவாளா என்று கேட்டார்.

சிவப்பு எப்போது தெளியும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சாயத்தின் பேரும் நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதிவிடுங்கள். இவரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.