கையை எடுத்த பிறகும்

ஈப்போவில், வீக்கம் வடியச் செய்யும் நிணநீர் மசாஜ் வகுப்பை முடித்த கையோடு பத்து காஜா ஊரிலிருந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. பந்தாங் என்னும் பிரசவப் பத்திய நாள்கள் முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது என்று அவள் மாமியார் கிளினிக்குக்கே விடவில்லை. எனக்கோ கற்றதைச் செய்துபார்க்க ஒரு கால் கிடைத்த சந்தோஷம்.

மெல்ல வருடினேன். வீக்கம் இளகவில்லை, இறுகியது. தோல் சுட்டது, நீலம் பூத்தது.

"மெதுவா புடிடி, வலிக்குது."

"கைய எடுத்துட்டேன்க்கா."

"பொய் சொல்லாத லா. இன்னும் புடிச்சிக்கிட்டுத்தானே இருக்க?"

என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன. ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் தொடவே கூடாது என்று வகுப்பில் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!" என்று அக்கா மாமியாரிடம் கத்தினேன்.

"பச்ச ஒடம்புடி, காத்துப் பட்டா?"

"பட்டா படட்டும், வாங்க!"

காலுக்குள் ஆழத்தில் ரத்தம் உறைந்திருந்தது. இன்னும் தேய்த்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா பிழைத்தாள்.

இப்போதெல்லாம் முதலில் இரண்டு கால்களையும் டேப்பால் அளந்து, புறங்கையால் சூடு பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். மசாஜ் முடிந்ததும், "கைய எடுத்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.