வைரவரடியில் எனக்கு ஓர் இடம்

எனக்கு வேலை சாவகச்சேரியில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள ஒரு பாமசியில். காலையிலிருந்து நின்றபடி செய்கிற வேலை. சனம் மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டே வீட்டுக் கதையையும் சொல்லும். ஒருமுறை ஒரு தகப்பன் நித்திரை வருவதில்லை என்று குளிசை வாங்க வந்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக் கிரேன் பிடித்து, பிள்ளையை மேலே தூக்கிப் பூச்சொரியப் போகிறார்களாம். அயலில் எல்லாரும் செய்துவிட்டார்கள், தான் செய்யாவிட்டால் முகம் கொடுக்க முடியாது என்றார். என் நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிக்கொண்டு குளிசையைக் கொடுத்தேன். என் வாய் கொஞ்சம் பொல்லாதது. கடையில் அதைப் பூட்டித்தான் வைத்திருக்க வேண்டும்.

பூட்டியதைத் திறக்கிற இடம் எங்கள் வீட்டு வளவின் பின்மூலையில் இருக்கிறது. அங்கே வேம்பின் கீழ் வைரவர் இருக்கிறார். சிலை இல்லை, கூரை இல்லை. கல் அடுக்கிய சின்ன மேடையில் நட்ட ஓர் இரும்புச் சூலம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வளவுகளில் முன்பு இப்படி அநேகம் இருந்தன. இதற்கு ஐயர் தேவையில்லை. வீட்டு ஆட்களே தங்கள் கையால் தண்ணீர் வார்த்து, சந்தனம் வைத்து, விளக்கேற்றிக்கொள்ளலாம்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்ததும் நான் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. கிணற்றடியில் கால் முகம் கழுவி, ஒரு செம்பு தண்ணீருடன் நேரே அங்கேதான் போவேன். சூலத்தைக் கழுவித் துடைத்து, ஒரு பூ வைத்து, விளக்கைக் கொளுத்திவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிடுவேன். வரம் கேட்பது குறைவு. முறைப்பாடுதான் கூட. முதலாளி சொன்னது, பஸ்ஸில் காலை மிதித்தவன், அந்தக் கிரேன்காரத் தகப்பன் என்று எல்லாரையும் வைரவரிடம் ஒரு பிடி பிடிப்பேன். கொஞ்ச நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விடும். பிறகு சும்மா இருப்பேன். வேம்பில் காகங்கள் இடம் பிடிக்கச் சண்டைபோடும். காலின் எரிவு மெல்ல இறங்கும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்துக்காகத்தான் நான் அங்கே போகிறேன். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பது விற்கிற எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும்போது என் மனிசன் வாசற்படியில் நின்று கேட்பார்.

"இண்டைக்கு வைரவரிட்டை ஆர் பேச்சு வாங்கினது?"

"இண்டைக்கு நீங்கள் இல்லை. பேசாமல் இருங்கோ."

எங்கள் அயலில் சூலங்கள் இப்போது குறைந்துவிட்டன. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வளவுகளில் வைரவர்கள் எல்லாரும் ரைல்ஸ் பதித்த கோயிலுக்குள் குடிபோய்விட்டார்கள். பக்கத்து வளவு அக்காவின் பிள்ளைகளும் கட்டிக் கொடுத்தார்கள். வடிவான கோயில்தான். கும்பாபிஷேகத்துக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார்கள். ஆனால் கும்பாபிஷேகம் செய்து சிலை வைத்தால் பிறகு ஐயர்தான் தொடலாம், ஐயர்தான் திறக்கலாம். அந்த ஐயருக்கோ ஊர் முழுக்கப் பூசை. வெள்ளிக்கிழமைகளில் அக்கா தட்டத்தில் பூவோடு கம்பிக் கதவுக்கு வெளியே நிற்பார். நின்று கால் உளைந்தால் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து எங்கள் பக்கம் வந்துவிடுவார்.

"எங்கடை கோயிலுக்கு ஐயர் இன்னும் வரேல்லை பிள்ளை. இந்தப் பூவை உன்ரை வைரவருக்கு வைச்சுவிடட்டோ?"

"வையுங்கோ அக்கா. இவருக்கு வஞ்சகமில்லை."

இப்படி இருக்கையில்தான் கனடாவிலிருந்து அண்ணையின் போன் வந்தது. என்னுடைய ஒரே அண்ணை. அவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்து, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தார். குரல் மெலிந்திருந்தாலும் கதை பழையபடி பெரிதாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, நான் வைரவருக்கு நேத்திக்கடன் வைச்சனான். எங்கடை வளவிலை ஒரு கோயில் கட்டப்போறன். சும்மா கோயில் இல்லை. பாக்கிறவன் நிண்டு பாக்கவேணும்."

"ஓம் அண்ணை," என்றேன். வேறு என்ன சொல்ல? நெஞ்சைப் பிளந்து தைத்த மனிசனிடம், "நீங்கள் கட்டினால் நான் இருக்கிற இடம் போய்விடும்" என்று எந்த வாயால் சொல்வது? என் பொல்லாத வாய்கூட மூடிக்கொண்டது.

சில நாட்களில் கோயிலின் படம் போனுக்கு வந்தது. வர்ணம் அடித்த தூண்கள், மாபிள் தரை, சுற்றிவர மதில், பூட்டுப் போட்ட கேற். படத்தில் வேம்பு இல்லை. வேர் அத்திவாரத்தைத் தூக்கிப்போடும், மரத்தைத் தறிக்கத்தான் வேண்டும் என்று மேசன் வந்து சொல்லிவிட்டு, சூலத்தைச் சுற்றி முளை அடித்து நூல் கட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் நான் அந்த நூலுக்குள் இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. பக்கத்து அக்காவைப் போல நானும் கம்பிக்கு வெளியே தட்டத்தோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் ஏலாது. வேலையால் வந்து பூட்டின கேற்றைப் பார்த்துக்கொண்டு என்ன முறைப்பாட்டைச் சொல்வது?

"கொண்ணையிட்டை உள்ளதைச் சொல்லுமன்," என்றார் மனிசன். "தங்கச்சி சொன்னால் கேளாரோ?"

"அந்த மனிசன் சாக வெளிக்கிட்டுத் திரும்பி வந்தது. நேத்தியை விடுங்கோ எண்டு நான் சொல்லி, பேந்து ஏதும் நடந்தால்?"

வைரவர் விஷயத்தில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பயம். நான் மட்டும் என்ன விதிவிலக்கா?

அத்திவாரம் போட அண்ணையே வந்து சேர்ந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சேட்டின் மேல் தெறி பூட்டாவிட்டால் தையல் தழும்பு தெரியும். ஆனாலும் வந்த அன்றே வளவைச் சுற்றி நடந்து, எங்கே லைற், எங்கே ஸ்பீக்கர், கமரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மச்சானுக்கு, அதாவது என் மனிசனுக்கு, விளங்கப்படுத்தினார். நான் விளக்கு வைக்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். "கொஞ்சம் இஞ்சாலை திரும்பு, முகம் விழேல்லை" என்றார். வந்த எரிச்சலை வைரவருக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. பொழுதுபடப் போகிறது, விளக்கு வைக்க ஆளில்லை. மனிசனும் தோட்டத்தில். அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, ஒருக்கா விளக்கை வையுங்கோ. முதல் தண்ணி வாத்துத் துடைச்சுப்போட்டு வையுங்கோ."

"நானோ? எனக்கு மந்திரம் ஒண்டும் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமோ? நான் அவரோடை சண்டைதான் பிடிக்கிறனான்."

நான் வந்து சேர நன்றாக இருண்டு மைமலாகிவிட்டது. அண்ணை வைரவரடியில் வெறும் நிலத்தில் இருந்தார். வேட்டி நனைந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன் வீட்டுக்குள் மேசையில் கிடந்து அடித்தது, அவர் எழும்பவில்லை. நான் கிட்டப் போக, திரும்பிப் பார்க்காமலே கதைத்தார்.

"தண்ணி வாத்தும் இரும்பிலை வெய்யில் சூடு கிடந்தது. தொட, ஆக்களைத் தொட்ட மாதிரி இருந்தது."

பிறகு சொன்னார்.

"ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு ஒரே பயம், தங்கச்சி. படுத்தால் எழும்புவனோ எண்டு பயம். மனிசி பிள்ளையளிட்டைச் சொல்லேல்லை. இவரிட்டைச் சொன்னனான்."

நான் பக்கத்தில் இருந்தேன். நானும் அன்று ஒன்றும் முறையிடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது வேறொரு கரைச்சல். ஒவ்வொரு பின்னேரமும் நான் செம்போடு போனால் அங்கே அண்ணை முதலே இருப்பார். கழுவி, துடைத்து, பூ வைத்து முடிந்திருக்கும். எழும்பவும் மாட்டார். கோயில் வந்தால்தான் என் இடம் போகும் என்று நினைத்தேன், கோயில் வரமுன்னரே போய்விட்டது. "இஞ்சருங்கோ, உங்கடை மச்சான் வைரவரைக் குத்தகைக்கு எடுத்திட்டார்" என்று மனிசனிடம் புறுபுறுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். அண்ணை நித்திரைகொள்ளத் தொடங்கியிருந்தார். விடியக் கோப்பியோடு போய் எழுப்பினால், "இன்னும் கொஞ்சம்" என்று புரண்டு படுத்தார்.

அத்திவாரத்துக்கு நாள் பார்க்க ஐயர் வந்தார். நல்ல மனிசன், மோட்டார்சைக்கிளில் அவசரமாக வந்து அவசரமாகப் போகிறவர். இடத்தைப் பார்த்து, திசையைப் பார்த்து, எல்லாம் சரி என்றார். அப்போது அண்ணை சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"ஐயா, நான் இனி வருசா வருசம் வருவன். வந்தால் பின்னேரத்திலை இப்பிடித் தண்ணி வாத்து நானே துடைக்கலாம்தானே?"

"சிலை வைச்சுக் கும்பாபிஷேகம் முடிஞ்சால் அது முறையில்லை. தொடுறது நாங்கள். நீங்கள் வெளியிலை நிண்டு வடிவாக் கும்பிடலாம்."

"தங்கச்சி?"

"அவவும் அப்பிடித்தான்."

அண்ணை என்னைப் பார்த்தார். இது எனக்கு முதலே தெரியும் என்பது என் முகத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஐயர் இரண்டு நல்ல நாள்களைச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணை அதைக் கேட்டமாதிரியே இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு, வேம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குளிசையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கட்டினால் நான் வெளியிலை. நீயும் வெளியிலை," என்றார். "கட்டாமல் விட்டால் நேத்தி முறியும். வைரவரோடை விளையாடேலாது."

குளிசையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அந்தப் பழைய பயம் திரும்பி வருவதைக் கண்முன்னே கண்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது, கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு என்ன சொல்லி நேந்தனீங்கள்? சொன்ன மாதிரியே சொல்லுங்கோ பாப்பம்."

கண்ணை மூடி யோசித்தார்.

"கட்டிலோடை தள்ளிக்கொண்டு போச்சினம். மேலை லைற்றுகள் ஒண்டொண்டாப் போகுது. மயக்க மருந்து குடுக்கிற பிள்ளை ஏதோ கேட்டா, எனக்கு இங்கிலீசே மறந்து போச்சு. வைரவா, என்னை எழுப்பி விடு, நான் உன்னட்டை வாறன் எண்டன்."

"பிறகு?"

"பிறகு நினைவில்லை."

"கோயில் எண்டு சொன்னனீங்களோ?"

அண்ணை கண்ணைத் திறந்தார்.

"இல்லை," என்றார். "அது வீட்டை வந்தாப்பிறகு. பாக்க வந்த ஆக்கள் எல்லாரும் தப்பி வந்திட்டாய், ஏதும் பெரிசாச் செய் எண்டிச்சினம். நானும் ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி, பேந்து அதுதான் நேத்தி எண்டு ஆகிப்போச்சு."

"அப்ப வைரவருக்குச் சொன்னது?"

"வாறன் எண்டதுதான்." தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டார். "வந்திட்டன்தானே, தங்கச்சி."

அழுதார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. விறாந்தைப் படியில் இருந்த என் மனிசன், அழுகையைக் கண்டால் நிற்கமாட்டாதவர், எழும்பி வளவுக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் மேசன் அடித்த முளைகளும் சுற்றிய நூலும் இருந்தன.

மற்ற நாள் அண்ணைக்குப் பழைய புத்தி கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"மேடையிலை மட்டும் ரைல்ஸ் ஒட்டுவமே? நாலு ரைல்ஸ்?"

"அண்ணை, பேசாமல் தண்ணியை வாருங்கோ."

கனடாவுக்கு வெளிக்கிடுகிற அன்று வாகனத்தில் பெட்டிகளை ஏற்றியபிறகு அண்ணை என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"அங்கை நான் எங்கை போய் இருக்கிறது? அங்கத்தைக் கோயிலிலை கார் விட இடம் தேடவே பொழுது போயிடும்."

"உங்கடை வீடு அவ்வளவு பெரிசு. ஒரு மூலை இல்லையோ?"

"மூலை இருக்கு. எல்லா மூலையிலும் சாமான் இருக்கு."

"அப்ப ஒண்டைக் காலி செய்யுங்கோ."

தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனார். எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அண்ணை ஒரு மூலையைக் காலி செய்தால் அதற்குள் வைக்க இரண்டு சாமான் வாங்குகிறவர்.

சில கிழமைகளுக்குப் பிறகு, நான் வேலையால் வந்து செம்பைக் கையில் எடுக்கும் நேரம் போன் வந்தது. அங்கே அவருக்கு விடிந்திருந்தது.

"தங்கச்சி, மேல் அறையிலை ஒரு மூலையைக் காலி செய்திட்டன். பெட்டியள், பழைய ரீவி, நிண்ட இடத்திலை ஓடுற மெசின் எல்லாம் குடுத்தாச்சு. மனிசிக்கு ஒரே புதினம்."

"நல்லது அண்ணை. என்ன வைச்சிருக்கிறியள்? படமோ, சிலையோ?"

"ஒண்டும் வைக்கேல்லை. விடிய எழும்பினவுடனை போய்ச் சும்மா இருக்கிறன்."