ஃபேனுக்குப் போன ஒயர்

அந்தப் பிக்கப் வண்டி வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் என் மானத்தை வாங்கிவிடும். காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் லோடு காத்திருக்கும். நான் திருவொற்றியூர் சந்தில் சாவியைத் திருகிக்கொண்டிருப்பேன். செல்ஃப் டக்கென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். அக்கம்பக்கத்தில் கெஞ்சித் தள்ளச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியில் அண்ணன் போன பிறகு அவன் வீட்டு அடுப்பு எரிவது அவன் ஓட்டிய இந்த வண்டியால்தான். புது பேட்டரி போட்டாயிற்று, டைனமோவும் பார்த்தாயிற்று. எழவு, சரியாகவில்லை. "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேற வண்டி பாத்துக்குறேன்" என்று லோடு கொடுப்பவர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எர்த் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில், கரண்ட் ஓடினால் எரியும் டெஸ்ட் லாம்ப்பை மாட்டினேன். சாவியே போடவில்லை, லாம்ப் எரிந்தது. எதுவோ சும்மா கரண்ட்டைக் குடிக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்போதும் எரிந்தது. அப்படியென்றால் ஃபியூஸ் பக்கமே போகாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் ஓடுகிறது.

அதைப் பிடித்துக்கொண்டே போனால், டாஷ்போர்டு மேல் இருக்கும் சின்ன ஃபேனில் முடிந்தது. அண்ணன் போட்டது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் ரோட்டில் மாட்டினால், இஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் வேக வேண்டும். சாவி இல்லாமலே ஓடட்டும் என்று இந்தப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் நேராக இழுத்துவிடுவார்கள். அவன் போனதிலிருந்து நான் அந்த ஃபேனைத் தொட்டதில்லை. தொட மனசு வரவில்லை. ஆனால் சுவிட்ச் ஆனில் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யார்ரா வண்டில ஏறி வெளாடுறது" என்று அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். அண்ணி வாசலுக்கு வந்தாள்.

"புள்ளைங்கள திட்டாத தம்பி. நான்தான்."

"நீ இன்னாத்துக்கு அண்ணி வண்டில ஏறுற?"

"ஒரே ரூமு. புள்ளைங்க கீதுங்க, உங்கம்மா கீறாங்க. எங்க போயி அழுவுறது? மத்தியானத்துல இதுல குந்தி கண்ணாடிய ஏத்திக்குவேன், வெளிய கேக்காது. வெக்க தாங்கல, அதான் ஃபேனு. சின்னது கூப்ட்டா மூஞ்ச தொடச்சிகினு ஓடுவேன். நிறுத்த மறந்துடுறேன் போல."

என் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. அந்த ஒயரை ஒரு வெட்டு வெட்டினால் வேலை முடிந்தது. என்னால் முடியவில்லை.

"இது இருக்கட்டும் அண்ணி. எறங்கும்போது சுவிட்ச மட்டும் பாத்துக்கோ" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவரு போன அன்னிலேர்ந்து நீ ஓடிகினேதான் கீற. நீயும் கொஞ்ச நேரம் குந்திட்டு வா. நான் டிவி சவுண்ட ஏத்தி வெக்கிறேன்."

எர்த் ஒயரைத் திரும்ப மாட்டினேன். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். வீட்டுக்குள் டிவி சத்தம் கூடியது. அதற்குமேல் தாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணா, அண்ணா என்று அழுதேன்.