மிதியில் கட்டிய சிவப்புத் துணி

என் அண்ணன் ஜபருல்லா பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். இன்ஜின் இழுக்கவில்லை என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், "ஓட வெக்கிறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்காங்க, நிக்க வெக்கிறதுக்குத்தானுங்க நானு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்.

போத்தனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. அதன் பின்சுவரில் ஒரு கதவு, கதவுக்குப் பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் எங்கள் வீடு. நான் இஸ்மத், அவருடைய தங்கை. ஆறாவதோடு என் படிப்பு நின்றுபோனது. சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவிலிருந்து, தேய்ந்த லைனர் பட்டையைப் பெயர்த்துவிட்டுப் புது லைனரை வைத்து ரிவெட் அடிப்பது என் வேலை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே அடித்துக் கொடுப்பேன். வண்டிக்காரர்கள் யாருக்கும் அது தெரியாது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடியாத வண்டியின் பிரேக் மிதியில் சிவப்புத் துணியைக் கிழித்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார். வேலை முடிந்ததும் தானே ஓட்டிப் பார்த்த பிறகு, தன் கையால்தான் அதை அவிழ்ப்பார். துணி இருக்கும் வண்டியைப் போத்தனூரில் ஒரு லாரிக்காரரும் தொடமாட்டார். எல்லோருக்கும் இது தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

தொண்ணூற்றாறாம் வருடம் மாசி மாதத்தில் அந்த ஜீப் வந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. டீசல் இன்ஜின் மாற்றி, உடம்பை ஓரடி தூக்கி, டிராக்டர் டயர் போலப் பல் வைத்த டயர்கள் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர் கிருபாசங்கர். அன்னூரில் தோட்டமும் ஒரு நூல் மில்லும் வைத்திருந்த நஞ்சுண்டனின் ஒரே மகன். தாளவாடி மலையில் அவர்கள் புதிதாக ஒரு காடு வாங்கியிருந்தார்கள். அங்கே ஏறி இறங்கத்தான் இந்த வண்டி.

"ஏனுங்க பாய், வண்டி எப்படி இருக்குதுங்க?" என்றார் கிருபாசங்கர்.

"நிக்கமாட்டேங்குதுங்க பாய்" என்றான் டிரைவர் வேலன். "நேத்து சந்தையில ஒரு எருமைகிட்ட மன்னிப்புக் கேக்கறாப்ல ஆயிப்போச்சு."

"எருமை கேஸ் போடல, உடு" என்றார் கிருபாசங்கர்.

அண்ணன் டயரைத் தன் கையால் அளந்து பார்த்தார். தோள்வரை வந்தது. "சக்கரத்தைப் பெருசு பண்ணிட்டீங்க, உள்ள இருக்கற டிரம்மு அந்தப் பழைய சின்னதுதானுங்க. சின்னக் கையில பெரிய செக்கைப் புடிச்சு நிறுத்தற மாதிரி. டிரம், ஷூ, சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் மாத்தோணும்."

"அத்தனையும் எதுக்குங்க? பிரேக்கு யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"லைட்டு ஆறு வெச்சிருக்கீங்க, அது நல்லாத் தெரியுதுங்க. பிரேக்கும் ஒரு நாளைக்குத் தெரியுமுங்க."

வேலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். கிருபாசங்கர் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவருடைய அம்மா நாச்சியம்மாள் காரில் வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தவர், அண்ணனிடம் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க பாய், பள்ளிவாசல்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிப்போடுங்க. ஊர்க்கண்ணு பூராவும் இது மேலதான் இருக்குது. எம் பையன் குழந்தையில ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுவான். உங்க பள்ளிவாசல் அசரத்து ஊதிக் கட்டின கயித்துலதானுங்க நின்னுது."

"சரிங்கம்மா" என்றார் அண்ணன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்லும் வழக்கமில்லை. அன்று மாலையே அவர் அதை மறந்துவிட்டார். அவர் நினைப்பெல்லாம் டிரம்மில் இருந்தது.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் தேடி, சின்ன லாரி ஒன்றின் டிரம்கள் நான்கையும் அவற்றுக்கான ஷூ, சிலிண்டர்களையும் கொண்டுவந்தார். டிரம்களை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். லைனர் என் உள்ளங்கை அகலம் இருந்தது. அவ்வளவு அகல லைனரை நான் அதுவரை அடித்ததில்லை. எட்டு ஷூவுக்கும் அடித்துக் கொடுத்தேன். ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த அண்ணன், "யானையையே நிறுத்தும்டி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

எல்லாவற்றையும் மாட்டியபின் மிதித்துப் பார்த்தார். முதல் மிதி தரைவரை போய்விட்டது. இரண்டாம் மிதியில்தான் பிடித்தது. சக்கரத்தில் இருந்த சிலிண்டர்கள் பெரிதாகிவிட்டன. அவற்றுக்கு ஆயில் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரோ பழையது, சின்னது. பெரிய குடத்தைச் சின்ன டம்ளரால் நிரப்புவது போல, ஒரு மிதிக்கு ஆயில் போதவில்லை. பெரியது மெட்ராஸிலிருந்து திங்கட்கிழமை வரும் என்றார்கள். மில்லுக்கு போன் போட்டுச் செவ்வாய்க்கிழமை வண்டி தயாராகும் என்று சொல்லிவிட்டு, மிதியில் சிவப்புத் துணியைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது முடிந்து அவர்கள் வண்டி எடுக்க வந்த நேரமும் அண்ணன் ஜும்ஆவுக்குப் போன நேரமும் ஒன்றாகிப்போனது. நாச்சியம்மாள், கிருபாசங்கர், வேலன் மூவரும் காரிலிருந்து இறங்கினார்கள். வேலன் கையில் மாலையும் எலுமிச்சம்பழங்களும் இருந்தன.

"பாய் இல்லீங்களா?"

நான் திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "தொழுகைக்குப் போயிருக்காருங்க."

"இவுரு வர்றதுக்குள்ள நல்ல நேரம் போயிருமே கண்ணு" என்றார் நாச்சியம்மாள் மகனிடம். "மாசி வெள்ளி. பண்ணாரியில பூசைக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கறோம்." வண்டிக்குள் குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? நாஞ் சொன்னாப்லயே பாய் கட்டிப்போட்டிருக்காரு." கையை நீட்டி அந்தச் சிவப்புத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வேலா, இத அவுத்துப்போடாதே. கால் பட்டாலும் தோசமில்ல, இருக்கட்டும்."

திரையின் ஓரத்து இடைவெளியில் இது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் நிற்கும் இடத்துக்கு நான் போனதில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேலை இருக்குங்க" என்றேன்.

கிருபாசங்கர் திரையைப் பார்த்தார். "இருக்கட்டுங்க. திங்கக்கெழம கொண்டாந்து உடறமுங்க, மிச்சத்தை அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னார். சாவி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. கிருபாசங்கர் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வேலனிடம் கொடுத்தார். வேலன் ஏறி, எல்லா டிரைவர்களையும் போல மிதியை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தான். இரண்டாவதில் பிடித்தது. தலையை ஆட்டிக்கொண்டான். முதல் மிதி எங்கே போனது என்று அவன் கேட்கவில்லை. எலுமிச்சம்பழங்கள் டயருக்கு அடியில் நசுங்கின. நான் வாசலுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

தொழுகை முடிந்து வந்த அண்ணன் இருட்டும்வரை மில்லுக்கு போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. பண்ணாரி அம்மன் கோயிலில் பூசை நன்றாக நடந்தது. நாச்சியம்மாள் அங்கிருந்தே காரில் திரும்பிவிட்டார். கிருபாசங்கரும் இரண்டு நண்பர்களும் வேலனோடு திம்பம் மலை ஏறினார்கள். ஏறும்போது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது, அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில், எதிரே மூங்கில் லாரி வந்திருக்கிறது. வேலன் மிதித்தான். இரண்டாம் மிதிக்கு நேரமில்லை. பள்ளத்தின் பக்கம் விடாமல் பாறையின் பக்கம் ஒடித்து மோதினான். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கிருபாசங்கருக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேலனுக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். துணி கட்டிய மிதி அந்தக் காலோடு நசுங்கியிருந்ததாம்.

நஞ்சுண்டன் நேரில் வந்தார். குரல் உயரவே இல்லை. "உங்களை நம்பித்தானுங்க பாய் உட்டோம்" என்றார்.

"துணி கட்டியிருந்தனுங்களே. வேலை முடியலைன்னா அதானுங்க அடையாளம்."

"எங்கூட்டுக்காரி கயிறு கேட்டா, நீங்க சரின்னீங்க. கட்டியும் இருந்துது. அவ வேற என்னன்னு நெனைப்பாளுங்க?"

நினைக்காமல் சொன்ன அந்த 'சரிங்கம்மா' அப்போதுதான் அண்ணனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியை எடுக்கும்போது யார் இருந்தது, வேலை முடியவில்லை என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். நான் சொன்னதை அண்ணனிடம் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தேன். அவர் பக்கம் பேச அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"அன்னிக்கு ஊட்ல யாரும் இல்லீங்க" என்றார் அண்ணன்.

"அப்ப வண்டியைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க, அப்படித்தானே?"

"ஆமாங்க."

தங்கையை ஸ்டேஷனுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நானும் திரையை விலக்கவில்லை. வேலை முடியாத வண்டியைக் கவனமில்லாமல் விட்டுவைத்தார் என்று எழுதிக்கொண்டார்கள். கோர்ட்டில் அபராதத்தோடு அது முடிந்துவிட்டது. ஊரில் முடியவில்லை. பாய் கட்டின கயிறு பலிக்கவில்லை என்று முதலில் பேசினார்கள். தொண்ணூற்றேழில் கோயமுத்தூரில் கலவரம் வந்த பிறகு பேச்சு மாறியது. வேண்டுமென்றேதான் ஏதோ வைத்துக் கட்டினார் என்றார்கள். பதினைந்து வருடம் வந்துகொண்டிருந்த அன்னூர்ப் பக்கத்து வண்டிகள் ஒன்றுகூட வரவில்லை. எதிரே பார்த்தால் மட்டும், "நல்லா இருக்கீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பட்டறையை மூடினோம். அண்ணன் ஊருக்கு வடக்கே கணபதிப் பகுதியில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். ஆயில் மாற்றலாம், கிரீஸ் அடிக்கலாம். பிரேக் பக்கம் போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். அதை என்னிடம் சொன்னபோது சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வாசலில் கையால் ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வேலன். நஞ்சுண்டனின் மில்லில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்திருந்தார்கள்.

"பிரேக்கு புடிக்க மாட்டேங்குதுங்க பாய். பாலத்துல இறங்கறப்ப பயமா இருக்குது."

"எங்கிட்டயா கொண்டாந்தே?"

"வேற யாருகிட்டங்க போறது?"

அண்ணன் பூட்டிய பட்டறையைத் திறந்தார். பிரேக் கம்பி தேய்ந்து நைந்திருந்தது. ஒரு சைக்கிள் கம்பியை வெட்டிப் பூட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே வேலன் சொன்னான்: "அன்னிக்குத் திரைக்கு உள்ளருந்து ஒரு அம்மணி சொல்லுச்சுங்க, வேலை இருக்குதுன்னு. எனக்குக் கேட்டுதுங்க. சின்ன மொதலாளிக்கும் கேட்டுது. நீங்க யாருமில்லைன்னு சொன்னதா போலீஸ்காரரு சொன்னாரு. நானும் அப்படியே சொல்லிப்போட்டேன். வேலை குடுக்கறேன்னாங்க."

அண்ணனின் கை நின்றது. திரையின் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

"சொல்லியிருந்தா காலு முளைச்சிருக்குமா வேலா?" என்றார்.

"உங்க பட்டறை இருந்திருக்குமுங்க."

அண்ணன் கம்பியை இழுத்து முறுக்கினார். வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போய், ரயில்வே கேட்டுச் சரிவில் விட்டு, கைப்பிடியை அழுத்தினார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. மறுபடியும் மேலே தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் விட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது.

வேலன் போனபின் பட்டறைக்குள் வந்து, ஆணியில் தொங்கிய பழைய சிவப்புத் துணியை எடுத்தார். கட்டுவதற்கென்று அகலமாகக் கிழித்து வைத்திருந்தது. அதில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்துவிட்டு, துணியைக் குப்பையில் போட்டுப் பட்டறையைப் பூட்டினார்.